மூன்று சாம்பிள்

சனி ராத்திரி பன்னெண்டே கால்.
ஓவர்டைம் முடிந்து வந்தவள் முன்னால்
பையருக்கு விரிக்கிற மாதிரி
மூன்று சாம்பிள் விரித்தான் திருமூர்த்தி.
நாளைக்குக் கல்யாண நாள், அதிசயமாய் ஞாயிறு.

ஒன்று, வேலந்தாவளம்.
செக்போஸ்ட் தாண்டினால் கள்ளுக்கடை.
பின்னால் குடும்பத்துக்கென்று தனி அறையாம்,
திரைச்சீலை போட்டிருக்குமாம்.
"என்ன துணிங்க?"
"துணியா புள்ள முக்கியம்?"
பதினோரு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு
எந்தத் திரையிலும்
ஓட்டைதான் முதலில் தெரியும்.

இரண்டு, பொள்ளாச்சி ரோட்டில் நீரா.
ஐஸ் பெட்டியில் இறக்கியது, போதை கிடையாது,
தேனாட்டம் இருக்குமாம்.
அதற்கு நீங்கள் மட்டும் போய்
தூக்குப்போசியில் வாங்கி வந்தால் போதாதா என்றேன்.
அடித்துவிட்டான்.

மூன்று, தொண்டாமுத்தூருக்கு அக்கட்டால
நரசீபுரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம்.
இவனோடு சாயப்பட்டறையில் இருந்து
கையெல்லாம் வெடித்து வேலையை விட்ட சகாயராஜ்
மாமனாரின் பன்னீர்த் திராட்சையைப் பார்த்துக்கொள்கிறான்.
கிறிஸ்துமஸுக்கு வீட்டோடு ரெண்டு ஜாடி ஒயின்.
ஒன்றில் கிராம்பு, ஒன்றில் சுக்கு.
எது தேவலை என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம்.

ஏழு வருசத்தில் நாங்கள் சேர்ந்து போன ஊர்கள்:
பழனி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி.
அவிநாசியில் ஒரு சீர்.
மறுபடி இ.எஸ்.ஐ.

"நொய்யல் அந்தப் பக்கந்தானுங்க பொறக்குது?"
"ஆமா, மலையடிவாரத்துல. அதுக்கென்ன?"
"அப்ப அங்கியே போலாம்."
எங்கள் வீதிக் கோடியில் ஓடுகிற நொய்யலை
மழை ராத்திரிகளில் யாரோ திறந்துவிடும் தண்ணீரோடு
நான் ஒருத்தி வாசிப்பேன்:
மெரூன் என்றால் ஜெர்மனிக்காரன் ஆர்டர்,
கரும்பச்சை என்றால் பள்ளிக்கூட யூனிபார்ம்.

பேரூர் தாண்டியதும் வெள்ளியங்கிரி எழுந்து நின்றது.
ஸ்பிளெண்டர் அதைப் பார்த்து இருமிக்கொண்டே போனது.
பந்தலுக்குக் கீழே குனிந்துதான் நடக்க முடியும்;
குனிந்து நடந்தால் கை கோப்பது
யார் கண்ணிலும் படாது.

ஜாடி வாயில் கட்டியிருந்தது பனியன் துணி.
தையலைப் பார்த்ததுமே தெரிந்தது
எங்கள் கம்பெனி ரிஜெக்ட்.
அந்த ஊசித்துளைக்கு ஸ்டிக்கர் ஒட்டியது
ஒருவேளை என் கையாகவே இருக்கலாம்.
அதன் வழியாக மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது ஒயின்.
"இன்னும் பத்து நாளாகும்," என்றான் சகாயராஜ்.
ஆனாலும் ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினான்.

கிராம்பு தொண்டையைச் சுரண்டியது.
சுக்கு, சளிக்குக் கொடுக்கிற கசாயம்.
கிராம்பு என்றேன் நான். சுக்கு என்றான் இவன்.
நான் காரணம் கேட்க, அவன் மறுபடி ஒரு மூடி கேட்க,
சகாயராஜின் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறி
உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் இட்டேரி வழியாக இறங்கி
ஆற்றில் கால் வைத்தோம்.
கொலுசு தெரிந்தது. கொலுசுக்குக் கீழே
மெட்டி நசுங்கியிருப்பதும் தெரிந்தது.
அதை அவன் இன்றைக்குத்தான் பார்த்தான்.

"இது என்ன ஷேடுங்க?"
நகக்கண்ணில் நீலம் போகாத மனிதன்
இரண்டு கையாலும் அள்ளி
வெளிச்சத்துக்குத் தூக்கி
ரொம்ப நேரம் பார்த்தான்,
விரலிடுக்கில் எல்லாம் ஒழுகித் தீரும் வரைக்கும்.

"கோரா," என்றான்.

பத்து நாள் கழித்து என்றால் புதன்கிழமை.
ஷிப்மென்ட். ராத்திரி ரெண்டு வரை ஓடும்.
"வந்தர்றோம்," என்று
வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான் திருமூர்த்தி.
பின்னால் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.